எந்த இடத்துக்கு எந்த நேரம்

வடசேரி, நாகர்கோவில்
தை மாதம்

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் பொங்கலுக்கு மறுநாள் வந்து சேர்ந்தது. அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் எங்களுக்கு மனசு ஆறியது. பையன் வேலையில் சேர்ந்ததும் பெரிய சந்தோஷம். முதல் சம்பளத்தில் பாட்டிக்குச் சேலை எடுத்தான் என்று எழுதியிருந்தாயே, அதை உன் தங்கச்சி, அதான் என் வீட்டுக்காரி, தெருவில் பாதிப் பேரிடம் சொல்லி முடித்துவிட்டாள். அவள் பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டாள். காலையில் செடிகள், மாலையில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் என்று பொழுது போகிறது. மகள் திருவனந்தபுரத்தில் வேலை பார்க்கிறாள். சனிக்கிழமையானால் ரயிலேறி வந்துவிடுவாள்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். கோயம்புத்தூர் இரவு ரயிலில் கிளம்பி சனிக்கிழமை விடியும்போது இங்கே, ஞாயிறு இரவு ரயிலில் திரும்பல். ஆக இரண்டே நாள். அதற்கு நீ அனுப்பிய பட்டியலில் 14 இடங்கள் இருக்கின்றன. எல்லாமே நல்ல இடங்கள்தான். ஆனால் எங்கள் மாவட்டத்தில் தூரத்தைக் கணக்குப் போட்டுத் திட்டம் போட்டால் சரிப்படாது மக்கா. வரைபடத்தில் எல்லாம் பக்கம் பக்கமாகத் தெரியும். சாலை குறுகல், வளைவு, ஊர் முடிவதற்குள் அடுத்த ஊர். முப்பது கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம் தாராளமாக ஆகும். அதைவிட முக்கியம், இங்கே ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு நேரம் உண்டு. மதியவாக்கில் கோயில் நடை அடைத்துவிடுவார்கள், மாலையில்தான் திறப்பார்கள். பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. கடலில் அலை கூடினால் படகை நிறுத்திவிடுவார்கள். அதனால் எங்கே போவது என்று யோசிப்பதற்கு முன்னால், எந்த நேரத்தில் எங்கே இருப்பது என்று யோசி. அதை வைத்துத்தான் நான் உன் பட்டியலைச் சுருக்கியிருக்கிறேன்.

ரயில் நிலையத்துக்கு நான் வந்துவிடுவேன். அம்மாவையும் உன் வீட்டுக்காரியான என் தங்கச்சியையும் வீட்டில் விட்டுவிட்டு, உன்னையும் பையனையும் நேராகத் தோவாளைக்கு அழைத்துப் போகப் போகிறேன். குளித்துவிட்டுப் போகலாம் என்று சொல்லாதே. பூச்சந்தையின் நேரம் அதுதான். இருட்டு விலகும் முன்பே மூட்டை மூட்டையாகப் பிச்சிப்பூ, மல்லி, அரளி, சம்பங்கி, கேந்தி, துளசி எல்லாம் வந்து குவிந்திருக்கும். சுற்று வட்டாரத்துப் பூவோடு மதுரைப் பக்கத்துப் பூவும் ஓசூர்ப் பக்கத்துப் பூவும் இங்கே வருகின்றன. இங்கிருந்து கேரளாவுக்குப் போகின்றன. ஓணத்துக்கு முந்தைய நாட்களில் கால் வைக்க இடம் இருக்காது. முகூர்த்த நாள் வந்தால் பிச்சியின் விலை மணிக்கு மணி ஏறும். அங்கே மாணிக்கமாலை கட்டுகிறவர்களைப் பையனுக்குக் காட்ட வேண்டும். வெள்ளை அரளி, சிவப்பு அரளி, நொச்சி இலை, இவ்வளவுதான் சாமான். இதழை மடித்து மடித்து நாரில் கோத்து, பட்டையாக ஒரு மாலை வரும். சிவப்பு மணி பதித்தது போலவே இருக்கும். 2025-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு கைவேலை இத்தனை தலைமுறை தாண்டி நிற்பதற்கு அந்த மரியாதை கிடைத்ததில் எனக்கு நிறைய மகிழ்ச்சி.

வீட்டுக்கு வந்து குளித்து, புட்டும் பயறும் பப்படமும் சாப்பிட்டுவிட்டு எட்டு மணிக்குக் கிளம்பிவிட வேண்டும். அரண்மனை ஒன்பது மணிக்குத் திறக்கும். முதல் ஆளாக உள்ளே போவோம். பத்து மணிக்கு மேல் சுற்றுலாப் பேருந்துகள் வந்துவிடும். அந்த வீட்டை அமைதியாகப் பார்ப்பது வேறு, வரிசையில் தள்ளிக்கொண்டு போவது வேறு. தக்கலைக்குப் பக்கம்தான். 1795-ல் தலைநகர் திருவனந்தபுரத்துக்கு மாறும்வரை திருவிதாங்கூர் ராஜ்ஜியம் இங்கிருந்துதான் ஆளப்பட்டது. மாவட்டம் 1956-ல் தமிழ்நாட்டோடு சேர்ந்தாலும் அரண்மனை கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பிலேயே இருக்கிறது. அவர்கள் அதைப் பராமரிக்கும் அக்கறையைப் பார்த்துவிட்டுச் சொல்.

நீ மரவேலை தெரிந்தவன், அதனால் சொல்கிறேன், அங்கே அவசரப்படக் கூடாது. முகப்பு மண்டபமான பூமுகத்தின் கூரையை அண்ணாந்து பார். மரத்தில் செதுக்கிய பூக்கள் 90, ஒன்று போல இன்னொன்று இல்லை. மேலே மந்திரசாலை. ராஜா அமைச்சர்களோடு உட்கார்ந்து ஆலோசித்த அறை. மரச்சட்டங்களைச் சாய்த்து அடுக்கிய சுவர் வழியாகக் காற்று வரும், வெயில் வராது. தரை கறுப்புக் கண்ணாடியாய் மினுங்கும். சுண்ணாம்பும் சிரட்டைக் கரியும் முட்டை வெள்ளையும் சேர்த்து இழைத்தது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நடக்க வேண்டும், அதுவே நல்லது, அந்தக் குளிர்ச்சி உள்ளங்காலில் ஏறும். பிறகு தாய்க்கொட்டாரம். அந்த வளாகத்தில் மிகப் பழைய பகுதி அதுதான். அங்கே பலா மரத்தில் கடைந்த ஒரு தூண் நிற்கிறது. என் கையை எத்தனை முறை அதன் மேல் வைத்திருப்பேன் என்று தெரியாது. ஆணியையும் இரும்பையும் நம்பாமல், மரத்தின் குணத்தை நம்பி ஒரு அரண்மனையையே எழுப்பியிருக்கிறார்கள். உனக்கு அங்கே இரண்டு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறேன். பற்றாது என்றுதான் நீ சொல்வாய்.

வெளியே வந்து, வழியில் உதயகிரிக் கோட்டையில் ஒரு அரை மணி நேரம். அதிகம் பார்க்க ஒன்றுமில்லை, மரங்களும் மதிலும்தான். ஆனால் டிலனாய் கல்லறை அங்கே இருக்கிறது. 1741-ல் குளச்சலில் டச்சுக்காரர்களை மார்த்தாண்ட வர்மாவின் படை தோற்கடித்தது தெரியும் அல்லவா? அன்று சிறைபிடிபட்டவர் அவர். தன்னைத் தோற்கடித்த அரசனுக்கே படைத்தளபதியாகி, கோட்டைகள் கட்டி, கடைசிவரை இங்கேயே வாழ்ந்து 1777-ல் இறந்தார். பள்ளிக்கூடத்தில் நாம் படித்த வரலாற்றுப் பாடத்தில் இப்படி ஒரு மனிதர் வரவே இல்லையே என்று இப்போதும் தோன்றும்.

மதியச் சாப்பாடு தக்கலைப் பக்கம் சாதாரணக் கடையில். சம்பா அரிசிச் சோறு, மீன் குழம்பு, மரச்சீனிக்கிழங்கு மயக்கியது, அதாவது மசித்தது, துவரன். பெரிய கடை தேட வேண்டாம். லாரிக்காரர்களும் கட்டட வேலைக்காரர்களும் உட்கார்ந்திருக்கிற இடத்தில்தான் மீன் அன்றைக்கு வந்ததாக இருக்கும்.

அப்புறம் திற்பரப்பு. கோதையாறு பாறை மேலிருந்து விரிந்து விழும் இடம். வெயில் உச்சிக்கு ஏறிய நேரத்தில் குளிப்பதுதான் சுகம். சனிக்கிழமை என்பதால் கூட்டம் இருக்கும், அரை மணி நேரம் போதும். ஒரே ஒரு வேண்டுகோள், சோப்பும் ஷாம்பு பாக்கெட்டும் கொண்டு வராதே. கீழே அந்தத் தண்ணீரைக் குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். பாறை இடுக்கில் பாக்கெட்டுகள் மிதப்பதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

நாலு மணிக்கு மாத்தூர் தொட்டிப்பாலம். நடுமதியம் போனால் சிமென்ட் சூடு தாங்காது, சாயங்காலம்தான் அதன் நேரம். பறளியாற்றுக்கு மேலே, ஒரு குன்றிலிருந்து இன்னொரு குன்றுக்கு, 28 தூண்கள் மேல் ஒரு வாய்க்கால் போகிறது. 115 அடி உயரம். காமராசர் காலத்துத் திட்டம், 1966-ல் கட்டியது. விளவங்கோடு, கல்குளம் பக்கத்து நிலங்களுக்குத் தண்ணீர் கொண்டுபோவதற்காக. அழகுக்காகக் கட்டியதல்ல. பக்கத்து நடைபாதையில் நடந்துகொண்டே ஒரு பக்கம் ஓடும் தண்ணீரையும் மறுபக்கம் கீழே தென்னைமரக் கொண்டைகளையும் பார்க்கும்போது, வயலுக்குத் தண்ணீர் வேண்டும் என்று ஒரு அரசாங்கம் இவ்வளவு தூரம் மெனக்கெட்டிருக்கிறதே என்று நெஞ்சு நிறையும். இன்று நாஞ்சில் நாட்டு வயல்கள் வீட்டு மனைகளாக மாறிக்கொண்டே இருப்பதைப் பார்க்கிற எனக்கு அது இன்னும் அதிகமாகவே உறைக்கிறது. நீ வருகிற நேரத்தில் மிஞ்சியிருக்கிற வயல்களில் கும்பப்பூ நெல் கதிர் பிடித்து நிற்கும். ரயிலிலேயே ஜன்னல் பக்கம் உட்கார்.

அங்கிருந்து திருவட்டாறு கொஞ்ச தூரம்தான். ஐந்து மணிவாக்கில் நடை திறக்கும். அம்மாவை அரண்மனைப் படிகளிலும் அருவியிலும் அலைக்கழிக்க வேண்டாம், மகள் அவர்களை வீட்டிலிருந்து நேராக இங்கே கூட்டி வந்துவிடுவாள். நம்மாழ்வார் பாடிய தலம் என்று சொல்லிவை, அம்மாவுக்கு அது போதும். ஆதிகேசவப் பெருமாள் 22 அடி நீளத்தில் பள்ளிகொண்டிருக்கிறார். ஒரே வாசலில் முழு உருவமும் தெரியாது. மூன்று வாசல் வழியாகத் திருமுகம், நடுப்பாகம், திருப்பாதம் என்று பார்க்க வேண்டும். நானூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கும்பாபிஷேகம் நடக்காமல் இருந்து, 2022 ஜூலை 6-ஆம் தேதி நடந்தது. அன்றைக்கு வந்த கூட்டத்தை நான் மறக்க மாட்டேன். பிரகாரம் முழுக்கக் கல்தூண்களில் விளக்கேந்திய பாவைகள். எண்ணெய் விளக்கு ஏற்றும் நேரத்தில் அந்த வரிசையில் நடந்துபார். உனக்கும் பையனுக்கும் வேட்டி கட்டாயம் எடுத்து வா, சட்டையைக் கழற்ற வேண்டியிருக்கும்.

ஞாயிறு, கன்னியாகுமரி. அதை விட்டுவிடச் சொல்கிறேன் என்று நினைக்காதே. ஆனால் அங்கே காலைதான். ஐந்து மணிக்கு வீட்டை விட்டால் 20 கிலோமீட்டர், சூரியன் எழும்முன் முக்கடல் கரையில் நிற்கலாம். அம்மாவைக் குமரியம்மன் கோயிலில் தரிசனம் செய்ய வைத்துவிட்டு, காந்தி மண்டபத்தில் நிழலில் உட்கார வைக்கலாம். உன் தங்கச்சி துணைக்கு இருப்பாள். நாம் படகுக்கு வரிசையில் நின்றுவிடுவோம். எட்டு மணிக்குப் படகு ஆரம்பிக்கும், முதல் சில படகுகளுக்குள் ஏறிவிட்டால் பாறையில் நிம்மதியாக நிற்கலாம். 1892 டிசம்பரில் விவேகானந்தர் தியானம் செய்த பாறை, 1970-ல் திறந்த மண்டபம், இதெல்லாம் நீ அந்தக் காலத்தில் பார்த்ததுதான். ஆனால் அன்றைக்குப் பக்கத்துப் பாறை வெறும் பாறை. 2000 ஜனவரி 1-ல்தான் வள்ளுவர் அங்கே எழுந்தார். பீடம் 38 அடி, சிலை 95 அடி. அறத்துப்பாலின் அதிகாரங்கள் 38, பொருளும் இன்பமும் சேர்ந்து 95 என்பதைப் பையனிடம் சொல், கணக்கு அவனுக்குப் பிடிக்கும். முன்பெல்லாம் நீர்மட்டம் தாழ்ந்தால் வள்ளுவர் பாறைக்குப் படகே போகாது, எத்தனையோ பேர் தூரத்திலிருந்து கும்பிட்டுவிட்டுத் திரும்பினார்கள். 2024 டிசம்பர் 30-ல் இரண்டு பாறைக்கும் நடுவே 77 மீட்டர் நீளத்தில் கண்ணாடிப் பாலம் திறந்த பிறகு அந்தக் குறை தீர்ந்தது. வள்ளுவர் காலடியிலிருந்து கரையைத் திரும்பிப் பார்ப்பதுதான் அங்கே எனக்குப் பிடித்த காட்சி. தேவாலயக் கோபுரம், படகுகள், பின்னால் மருத்துவாழ்மலை.

பத்தரை மணிக்குக் கரைக்கு வந்துவிட்டால் அங்கே நிற்க வேண்டாம். கடை கண்ணியில் சங்கும் பாசியும் வாங்குவதை தங்கச்சிமார் சீக்கிரம் முடித்துக்கொள்ளட்டும். வீட்டுக்கு வந்து அவியல், எரிசேரி, புளிசேரி, அடைப்பிரதமன் என்று சாப்பிட்டு ஒரு தூக்கம். அம்மாவுக்கும் அது வேண்டும்.

நாலு மணிக்குச் சுசீந்திரம். போகிற வழியில் குளத்தோரம் வண்டியை நிறுத்துவேன். சுசீந்திரம், தேரூர்க் குளங்கள் 2022-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தவை. தை மாதத்தில் கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் வந்திருக்கும். தேரூர் கவிமணி பிறந்த ஊர் என்பதும் உனக்கு நினைவிருக்கட்டும். சுசீந்திரம் கோயிலில் நடை திறந்ததும் போனால் இசைத்தூண்களையும் 18 அடி ஆஞ்சநேயரையும் கூட்டமில்லாமல் பார்க்கலாம். சிவன், பெருமாள், பிரம்மா மூவரும் ஒரே மூர்த்தியாக இருப்பதால் அம்மாவுக்கும் சைவக் குடும்பத்து மருமகளுக்கும் சண்டையே வராது.

முட்டம், சிதறால், பேச்சிப்பாறை, வட்டக்கோட்டை எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். அதில் எனக்கும் வருத்தம்தான், முக்கியமாகச் சிதறால் மலைச் சமணச் சிற்பங்கள். ஆனால் ஒவ்வொன்றிலும் பத்து நிமிடம் நின்று படம் எடுத்துக்கொண்டு ஓடுவதற்காக நீ அவ்வளவு தூரத்திலிருந்து வர வேண்டாம். நாம் பேசுவதற்கும் நேரம் வேண்டும்.

ஊருக்குக் கொண்டுபோக ஏத்தங்காய் வற்றலும் ஒரு சீப்பு மட்டிப் பழமும் ஒரு தார் செந்துளுவன் வாழைப்பழமும் நான் வாங்கி வைத்துவிடுவேன். மட்டியைச் சிறுசு என்று நினைக்காதே, அந்த வாசம் வேறு எந்தப் பழத்துக்கும் கிடையாது. ரயிலில் அம்மாவுக்குக் கீழ்ப்படுக்கை கிடைத்ததா என்று உறுதி செய்துகொள். அறை எதுவும் போட வேண்டாம், மாடி முழுவதும் காலியாகத்தான் இருக்கிறது. அம்மாவுக்குக் கண்ணில் மருந்து விடும் நேரங்களையும், சாப்பாட்டில் என்ன ஆகாது என்பதையும் எழுதி அனுப்பு. உன் தங்கச்சி கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

உன் அன்பு நண்பன்