அல்சருக்கு ஸ்டெம் செல் ஊசியா? முதலில் கிருமிப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

தீராத வயிற்றுப் புண்ணை ஸ்டெம் செல் (உடம்பில் வேறு செல்களாக மாறக்கூடிய மூல செல்) ஊசி போட்டு ஆற்றிவிடலாம் என்று உங்கள் பத்திரிகையில் அரைப் பக்கத்துக்கு வந்திருந்ததைப் பார்த்து மனசு பொறுக்காமல் எழுதுகிறேன். அது செய்தியா, காசு வாங்கிப் போட்ட விளம்பரமா என்றே தெரியவில்லை. தாராவி 90 அடி ரோடு பக்கம் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறேன். அந்தப் பக்கத்தை மடித்து எடுத்துக்கொண்டு கடைக்கே வந்து, இது எவ்வளவு ஆகும், எங்கே போடுகிறார்கள் என்று கேட்கிறார்கள். கேட்பவர்கள் யார்? தோல் பட்டறையில் வேலை செய்பவர்கள், விடிவதற்கு முன்னால் இட்லிப் பானையோடு கிளம்புகிறவர்கள். ஊரில் இருக்கிற நிலத்தை அடகு வைக்கலாமா என்று யோசிக்கிறார் ஒருவர்.

ஸ்டெம் செல்லே பொய் என்று நான் சொல்லவில்லை. ரத்தப் புற்றுநோய், தலசீமியா மாதிரி நோய்களுக்கு ஸ்டெம் செல்லைக் கொண்டே செய்யும் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை உயிரைக் காப்பாற்றுகிறது. ஆனால் வயிற்றுப் புண்ணுக்கு என்று பார்த்தால், இதுவரை நடந்தது பெரும்பாலும் எலிகளை வைத்துச் செய்த சோதனைதான். மனிதர்களிடம் வரும்போது கதை மாறிவிடும். குரோன்ஸ் என்ற குடல் நோயால் ஆசனவாய்ப் பக்கம் வரும் பௌத்திரத்துக்கு 2018-ல் ஐரோப்பாவில் ஒரு ஸ்டெம் செல் மருந்துக்கு அனுமதியே கொடுத்தார்கள், அப்புறம் நடந்த பெரிய ஆய்வில் பலன் நிரூபணமாகாமல் 2024-ல் அந்த அனுமதி திரும்பப் பெறப்பட்டது. நம் நாட்டில் வயிற்றுப் புண்ணுக்கென்று அனுமதி பெற்ற ஸ்டெம் செல் மருந்து எதுவும் இல்லை. அனுமதி இல்லாத சிகிச்சையை முறையாகப் பதிவு செய்த ஆய்வாக மட்டும்தான் செய்யலாம், அதற்கு நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதல். லட்சக்கணக்கில் கேட்கிறார்கள் என்றால் அங்கேயே எழுந்து வந்துவிட வேண்டும்.

இதைவிட எனக்கு வேதனை, அல்சருக்கு நல்ல வைத்தியம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது என்பதுதான். பெரும்பாலான அல்சருக்குக் காரணம் இரண்டு. ஒன்று ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி. அதைக் கண்டுபிடித்த பேரி மார்ஷல், ராபின் வாரன் இருவருக்கும் 2005-ல் நோபல் பரிசு கிடைத்தது. டாக்டர் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்துப் பார்த்தவர். இன்னொன்று வலி மாத்திரை. இடுப்பு வலி, மூட்டு வலி என்று டைக்ளோஃபெனாக்கைச் சீட்டு இல்லாமல் வாங்கி வாங்கி விழுங்குகிறார்கள், கூடவே ஒரு கேஸ் மாத்திரை. புண் எப்படி ஆறும்? கிருமி இருந்தால் ஆன்டிபயாடிக் மாத்திரைகளோடு அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையும் சேர்த்து வழக்கமாக 14 நாள் சாப்பிட வேண்டும், வாய் கசக்கிறது என்று நாலாம் நாளே நிறுத்திவிடுகிறார்கள். கிருமி போகாமல் புண் திரும்ப வரும், உடனே இது தீராத அல்சர் என்று பெயர் வைத்துவிடுகிறோம்.

அப்புறம் ஒரு முக்கியமான விஷயம், இதைப் பலருக்கு யாரும் சொல்வதில்லை. பான்டோபிரசோல் மாதிரி அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே இந்தக் கிருமிக்கான மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ செய்தால், கிருமி இருந்தும் இல்லை என்று வரலாம். டாக்டரைக் கேட்டு இரண்டு வாரம் முன்பே அந்த மாத்திரையை நிறுத்த வேண்டும்.

ஒழுங்காக மருந்து சாப்பிட்டும் இரைப்பைப் புண் இரண்டு மூன்று மாதத்தில் ஆறவில்லை என்றால் திரும்ப எண்டோஸ்கோபி பார்த்துச் சதை எடுத்துச் சோதிக்க வேண்டும், ஏனென்றால் அது புற்றுநோயாகவும் இருக்கலாம். அந்த நேரத்தில் ஊசியை நம்பிப் பணத்தோடு மாதங்களையும் தொலைப்பவரின் கதி என்ன? தார் மாதிரிக் கருப்பாக மலம் போனாலோ ரத்த வாந்தி எடுத்தாலோ ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் சயான் போன்ற மாநகராட்சி ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

இந்த விவரங்களை அதே அரைப் பக்கத்துக்கு, அதே பெரிய எழுத்தில் போடுங்கள். பணம் வாங்கிப் போடும் மருத்துவச் செய்திகளின் தலையில் 'விளம்பரம்' என்று தெளிவாக அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
மருந்துக் கடைப் பணியாளர்,
தாராவி, மும்பை