கவுண்டருக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் போடுங்கள்

வங்கிக் கிளைகளில் கோடை விடுமுறைப் பயிற்சிக்கு மாணவர்களைச் சேர்த்துக்கொள்ளும் மேலாளர்களுக்கும், அந்தப் பயிற்சியைத் திட்டமிடும் தலைமை அலுவலக அதிகாரிகளுக்கும் வணக்கம்.

நான் வணிகவியல் படிக்கும் மாணவி. சென்ற கோடை விடுமுறையில் ஒரு வங்கிக் கிளையில் ஆறு வாரம் பயிற்சியில் இருந்தேன். எந்த வங்கி, எந்தக் கிளை என்பதைச் சொல்லப் போவதில்லை. யார் மீதும் புகார் சொல்ல இதை எழுதவில்லை. வேறு வேறு வங்கிகளுக்குப் போன என் வகுப்புத் தோழர்களிடமும் பேசினேன். அவர்கள் சொன்னதும் ஏறக்குறைய இதேதான். ஆறு வாரத்தில் நான்கு வாரம் வீணாகப் போனது. மிச்சமிருந்த இரண்டு வாரத்தில் கல்லூரி வகுப்பறையில் கிடைக்காத படிப்பு கிடைத்தது. இரண்டுக்கும் நடுவே மாறியது நான் உட்கார்ந்திருந்த இடம் மட்டும்தான்.

முதல் நாள் மேலாளர் அன்பாகவே வரவேற்றார். "கவுண்டர் பக்கம் மட்டும் வேண்டாம்மா, அங்க எல்லாமே வாடிக்கையாளர் ரகசியம். நீங்க ரெக்கார்டு ரூம்ல இருந்து ஆரம்பிங்க" என்றார். சரி என்று போனேன். இரண்டு வாரம் அங்கேதான் இருந்தேன். கணக்கு தொடங்கும் படிவங்கள், அவற்றோடு பின் அடித்த அடையாள அட்டை நகல்கள், புகைப்படங்கள், மாதிரிக் கையெழுத்துகள், கடன் கேட்டவர்களின் சம்பளச் சீட்டுகள். இவற்றைக் கணக்கு எண் வரிசையில் அடுக்குவது என் வேலை. அப்புறம் நகல் எடுப்பது, ஸ்டேபிள் அடிப்பது, பழைய வவுச்சர்களைக் கட்டு கட்டுவது.

வேலை சின்னது என்று நான் வருத்தப்படவில்லை. சொல்லப்பட்ட காரணம்தான் உறுத்தியது. கவுண்டரில் ஒரு வாடிக்கையாளர் ஒரு நேரத்தில் ஒரு சீட்டைத்தான் நீட்டுகிறார். ரெக்கார்டு ரூமிலோ ஆயிரக்கணக்கான பேருடைய வீட்டு முகவரி, பிறந்த தேதி, கையெழுத்து எல்லாம் என் மடியில் கிடந்தன. கூட யாரும் இல்லை. ரகசியம் காப்பேன் என்று ஒரு தாளில்கூட யாரும் என்னிடம் கையெழுத்து வாங்கவில்லை.

வங்கிச் சட்டப் பாடத்தில் 1924-ஆம் ஆண்டின் டூர்னியர் வழக்கை நீங்களும் படித்திருப்பீர்கள். ஒரு வாடிக்கையாளர் பாக்கி வைத்திருந்தார். அவருடைய முகவரியைக் கேட்க, அவர் வேலை பார்த்த இடத்துக்குக் கிளை மேலாளர் போன் செய்தார். பேச்சோடு பேச்சாக, அவர் பந்தயத் தரகரோடு பணம் புழங்குவதாகச் சொல்லிவிட்டார். அந்த மனிதருடைய வேலை நீட்டிக்கப்படவில்லை. வங்கி வாடிக்கையாளரின் ரகசியத்தைக் காக்கக் கடமைப்பட்டது என்று இங்கிலாந்து நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது அந்த வழக்கில்தான். அங்கே பேசியது எங்கிருந்தோ வந்த பயிற்சி மாணவர் அல்ல, கிளை மேலாளரே. மாணவரை எந்த அறையில் உட்கார வைக்கிறீர்கள் என்பதால் ரகசியம் காப்பாற்றப்படாது. காலையில் பதினைந்து நிமிடம் உட்கார வைத்து, எதை வெளியே பேசக் கூடாது, ஏன் பேசக் கூடாது என்று சொல்லிக் கையெழுத்து வாங்குங்கள். எங்களுக்கு அது புரியும்.

மூன்றாவது வாரம் ஒரு தாளைக் கொடுத்தார்கள். "உங்க சொந்தக்காரங்க, ஃபிரெண்ட்ஸ் கிட்ட பேசிப் பாருங்க. இருபது அக்கவுண்ட் வந்தா சர்டிபிகேட்ல நல்லா எழுதித் தரலாம்" என்றார்கள். மிரட்டல் ஒன்றுமில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார்கள். ஆனால் அந்தச் சான்றிதழ் என் மதிப்பெண்ணோடு சேர்ந்தது. இரண்டு வாரம் தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் செய்தேன். பதினொரு பேர் எனக்காக மட்டும் கணக்கு தொடங்கினார்கள். யாருக்கும் அது தேவைப்படவில்லை. குறைந்தபட்ச இருப்பு இல்லாவிட்டால் கட்டணம் பிடிப்பார்கள் என்று அவர்களிடம் சொல்ல எனக்கே அப்போது தெரியாது. பிறகு ஒரு தோழி அதைக் காட்டிக் கேட்டபோது பதில் சொல்ல முடியாமல் நின்றேன்.

இலக்கு எங்கே கொண்டுபோய் விடும் என்று உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கியில், விற்பனை இலக்கை எட்டுவதற்காக ஊழியர்கள் வாடிக்கையாளருக்கே தெரியாமல் லட்சக்கணக்கில் கணக்குகள் தொடங்கியிருந்தார்கள். 2016-இல் அதற்கு விதித்த அபராதம் 18.5 கோடி டாலர். 2020-இல் வழக்குகளை முடித்துக்கொள்ள அந்த வங்கி 300 கோடி டாலர் கொடுத்தது. ஆயிரக்கணக்கான ஊழியர்களின் வேலை போனது. தொழிலில் பழகியவர்களையே அப்படி வளைத்த அழுத்தத்தை, வங்கிக்குள் முதல்முறை கால் வைக்கும் இருபது வயதுக்காரர் மீது வைக்காதீர்கள். வங்கி வேலை என்றால் தெரிந்தவர் தலையில் எதையாவது கட்டுவது என்று அவர் புரிந்துகொண்டு திரும்பிப் போவார். நானும் அப்படித்தான் திரும்பியிருப்பேன்.

ஐந்தாவது வாரம் தற்செயலாக ஒன்று நடந்தது. ரெக்கார்டு ரூமில் மராமத்து வேலை தொடங்கியதால் எனக்கு உட்கார இடமில்லாமல் போனது. மூத்த காசாளர் மேடம் ஒரு ஸ்டூலை இழுத்துத் தன் பின்னால் போட்டார். "பணத்தைத் தொடாதே, கம்ப்யூட்டரைத் தொடாதே. பார்த்துக்கிட்டே இரு. சந்தேகம் இருந்தா கூட்டம் குறைஞ்சதும் கேளு." அவர் போட்ட விதிகள் அவ்வளவுதான்.

மூன்றாவது நாள் மாலை கணக்கு முடிக்கும்போது கையிருப்பில் 540 குறைந்தது. எனக்கு வயிறு கலங்கிவிட்டது. மேடம் பதறவில்லை. "ஒன்பதால வகுத்துப் பாரும்மா" என்றார். மீதியில்லாமல் 60 வந்தது. "அப்ப பெரும்பாலும் இலக்கம் இடம் மாறியிருக்கும். இப்ப தொண்ணூறால வகு." 6 வந்தது. "நூறும் பத்தும் இடம் மாறியிருக்கணும். ரெண்டு இலக்கத்துக்கும் நடுவுல ஆறு வித்தியாசம். 17, 71 மாதிரி. 28, 82 மாதிரி. அதைத் தேடு."

அன்றைய சீட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினேன். இருபது நிமிடத்தில் கிடைத்தது. வாடிக்கையாளர் கட்டியது 2,170. பதிவில் ஏறியிருந்தது 2,710. சீட்டில் எண்ணாலும் எழுத்தாலும் தொகை எழுதச் சொல்வது எதற்கு என்று அப்போதுதான் உறைத்தது. எண் தடுமாறினால் எழுத்து காட்டிக்கொடுக்கும். காசோலையில் இரண்டும் முரண்பட்டால் எழுத்தில் உள்ளதே செல்லும் என்று பல நாட்டுச் சட்டங்களும் சொல்கின்றன. தேர்வுக்கு மனப்பாடம் செய்து எழுதிய வரிதான் அது.

தவறைக் கண்டுபிடித்த பிறகும் மேடம் அதை அழிக்கவில்லை. அதை ரத்து செய்யும் எதிர்ப்பதிவு போட்டார். சரியான தொகையை மறுபடி பதிந்தார். இரண்டையும் இன்னொரு அதிகாரி வந்து சரிபார்த்து ஒப்புதல் கொடுத்தார். நடந்த தவறு புத்தகத்தில் தெரிய வேண்டும், அதைத் திருத்தியதும் தெரிய வேண்டும் என்றார். பிழைதிருத்தப் பதிவுகளை வகுப்பில் எத்தனையோ போட்டிருக்கிறேன். ஒரு பதிவுக்குப் பின்னால் ஒரு ஆளும் அவருடைய பணமும் இருப்பதை அன்று மாலைதான் பார்த்தேன்.

ஒருவர் பதிய, இன்னொருவர் சரிபார்க்கும் முறை முதலில் எனக்கு வெறும் தாமதமாகவே தெரிந்தது. பெட்டக அறையின் இரண்டு சாவிகள் ஏன் ஒரே ஆளிடம் இருப்பதில்லை என்று கேட்டேன். மேடம் பேரிங்ஸ் வங்கியின் கதையைச் சொன்னார். 1762-இல் தொடங்கிய பழம்பெரும் வங்கி அது. சிங்கப்பூரில் அதன் வர்த்தகத்தைக் கவனித்த நிக் லீசனே, அந்த வர்த்தகத்தைச் சரிபார்த்துக் கணக்குத் தீர்க்கும் பிரிவையும் கையில் வைத்திருந்தார். நட்டத்தையெல்லாம் 88888 என்ற கணக்கில் ஒளித்தார். 1995-இல் வெளியே வந்தபோது நட்டம் 80 கோடி பவுண்டுக்கும் மேல். வங்கியே மூழ்கி, ஒரு பவுண்டுக்குக் கைமாறியது. "செஞ்சவனே சரிபார்த்தா அதுக்குப் பேர் சரிபார்ப்பு இல்லம்மா" என்றார் மேடம். அந்தப் பாடத்தை எந்தப் பேராசிரியரும் எனக்கு இவ்வளவு சுருக்கமாக நடத்தியதில்லை.

இன்னொரு நாள். வயதான ஒருவர் வந்து, முதிர்வுக்கு இன்னும் நாள் இருக்கும் வைப்பை உடைத்து முழுப் பணத்தையும் வேறொரு கணக்குக்கு அனுப்பச் சொன்னார். யாருக்கு என்று கேட்டால், "உறவுக்காரர்" என்றார். பெயரைக் கேட்டதும் தடுமாறினார். அவருடைய சட்டைப்பையில் போன் ஓடிக்கொண்டே இருந்தது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மேடம் குரலை உயர்த்தாமல் ஒரு வெற்றுச் சீட்டை எடுத்து, "யாராவது உங்களை மிரட்டுகிறார்களா?" என்று எழுதி அவர் பக்கம் நகர்த்தினார். அவர் படித்தார். உதடு நடுங்கியது. போனை எடுத்து மெல்ல அணைத்தார். அரை மணி நேரம் மேலாளர் அறையில் உட்கார்ந்து பேசினார்கள். பணம் போகவில்லை.

பிரிட்டனில் 2016-இல் தொடங்கிய 'பேங்கிங் புரோட்டோகால்' என்ற ஏற்பாடு இதற்காகவே வந்தது. இப்படி ஒரு சந்தேகம் வந்து கிளை ஊழியர் அழைத்தால் காவல்துறை உடனே வந்து நிற்கும். கவுண்டர் வேலையை இனி இயந்திரமே பார்த்துக்கொள்ளும், அதைக் கற்று என்ன ஆகப்போகிறது என்று என் நண்பர்கள் கேட்கிறார்கள். அந்த முதியவர் போனில் வங்கி ஆப்பில் விரலை வைத்திருந்தால் பணம் ஒரு நொடியில் போயிருக்கும். நடுங்கும் கையைப் பார்த்தது கவுண்டரில் இருந்த ஒரு மனுஷிதான்.

நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியம் அல்ல. முதல் நாளே ரகசிய உறுதிமொழி வாங்குங்கள். பிறகு, மாணவர் எதையும் தொட வேண்டாம், கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பார்க்கட்டும். தினமும் மாலையில் கணக்கு நேராகும்வரை கூட இருக்கட்டும். முடிந்தால் கடன் விண்ணப்பம் ஒன்றை ஊர், பேர் மறைத்து அவரிடம் கொடுத்து, "நீயாக இருந்தால் கொடுப்பாயா, ஏன்?" என்று கேளுங்கள். என் தோழர் ஒருவருக்கு அப்படிக் கேட்ட அதிகாரி கிடைத்தார். அவர் இன்றுவரை அதைப் பற்றியே பேசுகிறார். ரெக்கார்டு ரூம் வேலையும் இருக்கட்டும், அது வாரத்தில் ஒரு நாளோடு நிற்கட்டும். விற்பனை இலக்கு மட்டும் வேண்டவே வேண்டாம். சான்றிதழை அதோடு கட்டிப்போடுவது அதைவிட மோசம்.

காசாளர்களுக்கு இது கூடுதல் சுமை என்பதை அறிவேன். கூட்டம் நெரியும் நேரத்தில் பின்னால் ஒருத்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பது எரிச்சலாகக்கூட இருக்கலாம். ஆகவே விருப்பம் உள்ளவரிடம் மட்டும் ஒப்படையுங்கள். அந்த நேரத்தை அவருடைய வேலையாகவே கணக்கில் எழுதுங்கள். என் மேடம் கற்றுக்கொடுத்தது முழுக்க அவருடைய உணவு இடைவேளையில். கிளையின் எந்த அறிக்கையிலும் அது இல்லை. என் சான்றிதழில் நான் கொண்டுவந்த கணக்குகளின் எண்ணிக்கை இருக்கிறது. அவருடைய பெயர் இல்லை.

எனக்கு அடுத்த வகுப்பில் படிக்கும் இரண்டு பேர் வரும் கோடைக்கு அதே கிளையில் விண்ணப்பித்திருக்கிறார்கள். ரெக்கார்டு ரூம் மராமத்து முடிந்துவிட்டதாம். அந்த ஸ்டூலை எடுத்துவிடாமல் அங்கேயே விட்டு வையுங்கள், இன்னொன்றும் சேர்த்துப் போடுங்கள்.

நன்றியுடன்,
ஒரு வணிகவியல் மாணவி