சாவியைத் திருப்பித் தாருங்கள்: பயிற்சிப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பயிற்சி மேலாளர் அவர்களுக்கும் உற்பத்திப் பிரிவுப் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

அப்ரண்டிஸ்கள் இனி எந்த சிஎன்சி மெஷினிலும் (கணினி வழி ஓடும் கடைசல் இயந்திரம்) ஆஃப்செட் பக்கத்தை, அதாவது டூலின் இடத்தைத் திருத்தும் எண்களை, தொடக் கூடாது என்ற சுற்றறிக்கையைப் படித்தோம். படித்து முடிப்பதற்குள் அந்த எண்களைப் பூட்டித் திறக்கும் மெமரி சாவிகள் எல்லாம் சூப்பர்வைசர் மேசை இழுப்பறைக்குப் போய்விட்டன. காரணம் நீங்கள் அறிந்ததுதான். மெல்லிய சுவர் புஷ் (குழல் வடிவ உதிரிபாகம்) ஒரு தட்டு முழுக்க ரிஜெக்ட் ஆனது. ஆஃப்செட்டை மாற்றியது ஒரு அப்ரண்டிஸ். விசாரணை அந்த இடத்தோடு நின்றுவிட்டது. இன்னும் நாலடி நடந்திருந்தால் கடையும் ஜாப்பைப் பிடிக்கும் சக் வரைக்கும் போயிருக்கும்.

அந்த புஷ்ஷின் உள்விட்டம் 40 எச்7. அதாவது மி.மீ. கணக்கில் 40.000க்குக் குறையக் கூடாது, 40.025ஐத் தாண்டக் கூடாது. சுவரோ 3 மி.மீ. தான். அதை ஹார்டு ஜாவில் (சக்கின் கடினமான பிடி), ரஃபிங்குக்கு, அதாவது முதல் முரட்டுக் கடைசலுக்கு வைத்த அதே ஹைட்ராலிக் அழுத்தத்தில் பிடித்து ஃபினிஷ் போரிங்கும் (துளையின் கடைசிக் கடைசல்) செய்யச் சொன்னது செட்டப் ஷீட். அப்ரண்டிஸ் அல்ல.

அப்படிப் பிடித்தால் மூன்று ஜாக்கள் அமுக்கும் இடத்தில் சுவர் உள்ளே வளைகிறது. டூல் அதற்குள் சுத்தமான வட்டமாகத்தான் கடைகிறது. சக்கைத் தளர்த்தியதும் அமுங்கிய மூன்று இடமும் வெளியே திரும்ப, துளை மூன்று மூலை வாங்கிவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாது. எதிரெதிரே இரண்டு புள்ளியில் தொட்டு அளக்கும் போர் கேஜுக்கும் தெரியாது. ஒரு பக்கம் எவ்வளவு பிதுங்கியிருக்கிறதோ, அதற்கு நேர் எதிர்ப்பக்கம் அவ்வளவு உள்வாங்கியிருக்கும். எந்தத் திசையில் திருப்பி அளந்தாலும் ஏறக்குறைய ஒரே எண்தான் வரும்.

ஒரு மூலைக்கு 0.018 பிதுக்கம் என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு புள்ளி கேஜில் 40.012 காட்டும் துளையில், துளைக்குள் நுழைத்துப் பார்க்கும் உருளையான பிளக் கேஜுக்குக் கிடைக்கும் இடம் 39.976 தான். நுழைந்தே ஆக வேண்டிய 40.000 கோ கேஜ் எப்படிப் போகும்? அந்தப் பிள்ளையின் கையில் இருந்தது பிளக் கேஜ் மட்டும். கோ போகவில்லை என்றால் துளை சிறியது என்றுதான் நாம் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். ஆஃப்செட்டில் 0.02 ஏற்றியது, போகவில்லை. இன்னொரு 0.02 ஏற்றியது, போயிற்று. நுழையக் கூடாத நோ-கோ அப்போதும் நுழையவில்லை. கையில் இருந்த கேஜின்படி ஜாப் சரி! இன்ஸ்பெக்‌ஷனில் போர் கேஜ் 40.052 காட்டியது.

சாவி சூப்பர்வைசரிடம் இருந்திருந்தாலும் அதே பிளக் கேஜை வைத்துக்கொண்டு அவரும் அதே 0.02ஐத்தான் ஏற்றியிருப்பார். குற்றமாகச் சொல்லவில்லை, யாராக இருந்தாலும் அப்படித்தான். இதற்கு மருந்து சாஃப்ட் ஜா. ஜாப்பின் வெளிவிட்டத்துக்கே ஜாவைக் கடைந்து, சுவரைச் சுற்றி முழுக்கப் பிடிக்க வேண்டும். ஃபினிஷுக்கு முன் அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். சந்தேகம் வந்தால் மூன்று புள்ளி மைக்ரோமீட்டரால் ஒருமுறை பார்க்க வேண்டும். இந்த மூன்றில் எதற்கும் பூட்டு தேவையில்லை.

ஆகவே எங்கள் கோரிக்கை ஒன்றுதான். ஒவ்வொரு செட்டிங்கிலும் முதல் பீஸை அப்ரண்டிஸ் கையில் கொடுங்கள். ஜாப்பைப் பிடிப்பது, ஓட்டுவது, அளப்பது, ஆஃப்செட் போடுவது எல்லாம் அவர்களே செய்யட்டும். பக்கத்தில் மெஷினை அமைத்துத் தரும் செட்டர் நிற்கட்டும்.

சுற்றறிக்கைக்குப் பிறகு அவர்களுக்கு மிச்சமிருக்கும் வேலை என்ன என்று ஒரு ஷிஃப்ட் நின்று பாருங்கள். கதவைத் திற, ஜாப்பை வை, சைக்கிள் ஸ்டார்ட்டை அழுத்து, காத்திரு, எடு, ஏர் அடி, பிசிறு எடு. மறுபடியும் கதவைத் திற. அளவுத் தாளில் பத்து பீஸுக்கு ஒருமுறை அளவு எழுத வேண்டும். மைக்ரோமீட்டரோ நாலு மெஷினுக்கு ஒன்று. அது வந்து சேர்வதற்குள் அடுத்த பத்தும் ஓடிவிடும். அந்தத் தாள்களை எடுத்து வரிசையாகப் பாருங்கள். 40.01, 40.01, 40.01 என்று காலையிலிருந்து மாலை வரை ஒரே எண். டூல் தேயாமல், மெஷின் சூடாகாமல் ஒரு நாள் முழுக்க ஓடிய லேத் உலகத்தில் கிடையாது. அளக்காமல் எழுதிய எண் அது. எழுதப் பழக்கியது நாம்.

அளந்தவர்களும் மெஷினிலிருந்து எடுத்த சூட்டோடு அளக்கிறார்கள். அளவு என்று நாம் சொல்வதெல்லாம் 20 டிகிரி செல்சியஸில் உள்ள அளவு. எஃகு டிகிரிக்கு மீட்டருக்குச் சுமார் 11.5 மைக்ரான் விரியும். 40 மி.மீ. துளை 15 டிகிரி கூடுதல் சூட்டில் இருந்தால் ஏறக்குறைய 7 மைக்ரான் பெரிதாகக் காட்டும். இருக்கிற 25 மைக்ரானில் கால்பங்குக்கு மேல் அதிலேயே போயிற்று. இதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டால் தலையாட்டுவார்கள். சூடாக ஒருமுறை, ஆறவைத்து ஒருமுறை தாங்களே அளந்து பார்த்தால்தான் கையில் ஏறும்.

பயம் உங்களுக்கு நியாயமானதே. தவறான எண் ஒன்று உள்ளே போனால் டூல் சக்கில் மோதும். அதற்கு வழி கன்ட்ரோலிலேயே இருக்கிறது. ஒரே தடவையில் இவ்வளவுக்கு மேல் தேய்மான ஆஃப்செட் (டூல் தேய்வதை ஈடுகட்டும் திருத்தம்) ஏற்ற முடியாது என்று வரம்பு வைக்கும் பாராமீட்டர் பல கன்ட்ரோல்களில் உண்டு. அதை வைத்துவிட்டு முதல் பீஸை இப்படி ஓட்டச் சொல்லுங்கள்: போரிங் டூலின் எக்ஸ் (குறுக்கு அச்சு) தேய்மான ஆஃப்செட்டை முதலில் 0.30 குறைத்து, துளையை வேண்டுமென்றே சின்னதாக விடவேண்டும். ஃபினிஷ் பாஸை ஓட்டி, துடைத்து, ஆறவிட்டு அளக்க வேண்டும். 39.690 வந்தால், இலக்கு 40.012க்கு 0.322 போதாது. அதை ஏற்ற வேண்டும். வரம்பு 0.20 என்றால் இரண்டு தவணையில் ஏற்றட்டும். இரண்டாம் தடவை விசையை அழுத்தும்முன் கொஞ்சம் யோசிப்பார்கள் அல்லவா, அது லாபம்தான். லேத்தில் எக்ஸ் விட்டக் கணக்கு என்பதால் பாதியாக்கக் கூடாது. துளைக்குக் கூட்டல், வெளிவிட்டத்துக்குக் கழித்தல் என்பதை வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் விசையை அழுத்த வேண்டும்.

சோதனை பாஸில் டூல் எவ்வளவு எடுத்ததோ, கடைசி பாஸிலும் கிட்டத்தட்ட அவ்வளவே எடுக்குமாறு இருப்பு விட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் டூலைத் தாங்கும் போரிங் பாரின் வளைவு மாறி, கணக்கு சரியாக இருந்தும் அளவு தப்பும். பாரின் நீட்டம் இருமடங்கானால் வளைவு எட்டு மடங்கு. எஃகுப் பாரை விட்டத்தின் நான்கு மடங்குக்கு மேல் நீட்டாதே என்று எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். ஐந்து மடங்கு நீட்டி, அது கத்துகிற கத்தலை ஒருமுறை காதால் கேட்டவர் அதன்பிறகு மறப்பதில்லை.

இதற்கு ஆகும் நேரம் ஒரு செட்டிங்குக்கு அதிகம் போனால் அரைமணி. உற்பத்தி குறையும் என்பீர்கள். குறையத்தான் செய்யும். ஒரு தட்டு புஷ் குப்பைக்குப் போனபோது குறைந்ததை யாரும் கணக்கில் எழுதவில்லை, அதனால் அது குறைவாகத் தெரியவில்லை.

கூட்டத்துக்குக் கூட்டம் "நல்ல செட்டர் கிடைப்பதில்லை" என்று வருத்தப்படுகிறீர்கள். எங்கிருந்து கிடைப்பார்கள்? தண்ணீரில் இறங்காமல் நீச்சல் பழகச் சொல்கிறோம். பயிற்சி முடிகிற நாளில் சான்றிதழ் தருகிறோம், மாலை போடுகிறோம், படமும் எடுக்கிறோம். சான்றிதழில் டர்னர் என்று இருக்கிறது. கதவு திறந்து மூடுநர் என்று போட்டால் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கும். பயிற்சிக் கூடத்தில் பழைய லேத் இரண்டு துணி போர்த்தியபடி நிற்கின்றன. கிராஸ் ஸ்லைடைத் திரும்பச் சுற்றும்போது கைப்பிடி சும்மா நகர்கிற அந்தச் சிறு தளர்வு, பேக்லாஷ் என்றால் என்ன என்பதை ஒரு நிமிடத்தில் சொல்லிக்கொடுத்துவிடும். திருவிழாத் தேர் மாதிரி அவற்றை வருடத்துக்கு ஒருமுறை, தணிக்கைக்கு ஆள் வரும்போது மட்டும் துடைக்கிறோம்.

பேச்சு நீண்டுவிட்டது. மன்னிக்கவும். குத்திக்காட்ட எழுதவில்லை. உங்கள் மேசைக்கு வரும் ரிஜெக்ட் அறிக்கையில் ஜாவின் படம் இருப்பதில்லை, பெயர் மட்டும்தான் இருக்கிறது. அதனால்தான் எழுத வேண்டியதாயிற்று. தயவுசெய்து சுற்றறிக்கையைத் திரும்பப் பெறுங்கள். முடியாவிட்டால் ஒரு வரி சேருங்கள்: "செட்டர் முன்னிலையில், முதல் பீஸுக்கு மட்டும், அப்ரண்டிஸ் ஆஃப்செட் போடலாம்." அதற்கு நாங்கள் கையெழுத்துப் போட்டுப் பொறுப்பேற்கத் தயார். கூடவே ஒவ்வொரு அப்ரண்டிஸுக்கும் சொந்தமாக ஒரு 25–50 மைக்ரோமீட்டரும், பிரிவுக்குக் கேஜைச் சரிபார்க்கும் ஒரு 40 மி.மீ. செட்டிங் ரிங்கும் கொடுத்தால் நன்றியுடையவர்களாக இருப்போம்.

அதே புஷ் அடுத்த வாரம் மறுபடி மெஷின் ஏறுகிறது. சாஃப்ட் ஜா கடைந்து வைத்துவிட்டோம். முதல் பீஸை யார் போடுவது என்பதை மட்டும் நீங்கள் சொல்ல வேண்டும். அன்று ரிஜெக்ட் ஆன புஷ்ஷைப் போட்ட அதே பிள்ளையே போடட்டும் என்பது எங்கள் விருப்பம்.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள,
டர்னிங் பிரிவு செட்டர்கள்