அம்மை பார்த்துச் சொல்லும் பெரியவர்களுக்கு ஒரு செவிலியரின் மடல்

மாரியம்மன் கோயில் பூசாரி ஐயாக்களுக்கும், ஊரில் அம்மை பார்த்துச் சொல்லும் அப்பாயி, அம்மாச்சிகளுக்கும் வணக்கம்.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கத்து ஊர்களில் குழந்தையின் உடம்பில் நாலு முத்து தெரிந்தால் பல வீட்டார் முதலில் வந்து நிற்பது உங்களிடம்தான். குழந்தைகள் வார்டில் வேலை பார்க்கும் நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. எங்களுக்கு முன்னால் அந்தக் குழந்தையைப் பார்க்கிறவர்கள் நீங்கள். அதனால்தான் அதிகாரிகளுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

நீங்கள் சொல்லும் முறைகளில் பாதிக்கு மேல் எங்கள் வார்டிலும் உண்டு. வாசலில் வேப்பிலை செருகினால் வெளியாள் உள்ளே வர மாட்டார். தொற்றுள்ள குழந்தையை நாங்களும் தனியாகத்தான் வைக்கிறோம். பழைய பருத்தி வேட்டியில் படுக்கை, காற்றோட்டமான இடம், இளநீர், மோர், நுங்கு எல்லாமே நல்லவை. அப்புறம், அம்மா வந்திருக்கிறாள் என்று நினைக்கும் வீட்டில் குழந்தையை யாரும் திட்டுவதில்லை, அடிப்பதில்லை. ராத்திரி முழுக்க யாராவது ஒருவர் விழித்துப் பக்கத்தில் இருக்கிறார். மருந்து எத்தனை கொடுத்தாலும் இதற்கு ஈடு இல்லை என்பதை வார்டில் தினமும் பார்க்கிறேன்.

ஆனால் எல்லா அம்மையும் ஒன்றில்லை. பெரியம்மை நம் நாட்டில் 1975-க்குப் பிறகு கிடையாது. இப்போது உங்களிடம் அதிகம் வருபவை சின்னம்மையும், தட்டம்மை என்கிற மணல்வாரியும். சின்னம்மையில் நீர்க்கொப்புளம், அரிப்பு. ஒரே நேரத்தில் சிவப்புத் தடிப்பு, கொப்புளம், காய்ந்த பொருக்கு மூன்றும் உடம்பில் இருக்கும். முகத்தையும் கைகாலையும்விட மார்பிலும் முதுகிலும் அதிகம். மணல்வாரி அப்படியில்லை. மூன்று நாலு நாள் கடுமையான காய்ச்சல், இருமல், மூக்கொழுகல், சிவந்து நீர் வடியும் கண். அதன் பிறகே காதுக்குப் பின்னாலும் முகத்திலும் மணல் தூவினாற்போல் சிவந்து, கீழ்நோக்கி இறங்கும். உங்களுக்கு இதை நான் சொல்லித் தர வேண்டியதில்லை. கேட்பதெல்லாம், மணல்வாரி என்று தெரிந்த அன்றே அந்தக் குழந்தையை எங்களிடமும் அனுப்புங்கள் என்பதுதான்.

மணல்வாரி வந்த குழந்தையை நாங்கள் இழப்பது பெரும்பாலும் அந்தத் தடிப்பால் இல்லை, அதன் பின்னால் வரும் நிமோனியாவால். முத்து இறங்கிவிட்டது, அம்மா மலையேறிவிட்டாள் என்று வீடு நிம்மதியாகும் நேரத்தில் குழந்தைக்கு மூச்சு வாங்கும். இதைக் கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம். குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். 2 மாதத்துக்கு உட்பட்ட பச்சைக்குழந்தைக்கு 60 அல்லது அதற்கு மேல், ஒரு வயதுக்குள் 50 அல்லது அதற்கு மேல், ஒன்றிலிருந்து 5 வயதுக்குள் 40 அல்லது அதற்கு மேல் போனால் வேகமான மூச்சு. அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலும், பால் குடிக்க முடியாவிட்டாலும், குடித்ததெல்லாம் வாந்தியானாலும், வலிப்பு வந்தாலும், எழுப்பினாலும் எழாமல் கிடந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

அடுத்தது கண். நோயில் பார்வை இழந்த துளஜா மன்னரின் மகளுக்குப் புன்னைநல்லூர் அம்மன் கண் கொடுத்தாள் என்று நம் பக்கத்தில் எல்லோரும் சொல்வோம். மணல்வாரி இன்றைக்கும் கண்ணைப் பறிக்கக்கூடிய நோய். உடம்பில் இருக்கும் கொஞ்சநஞ்ச வைட்டமின் ஏ-யையும் அது கரைத்துவிடும். கருவிழி வறண்டு புண்ணாகும். அதனால்தான் மணல்வாரி வந்த குழந்தைக்கு அடுத்தடுத்து 2 நாள் வைட்டமின் ஏ கொடுக்கிறோம்: 6 மாதத்திலிருந்து ஒரு வயது வரை ஒரு வேளைக்கு 1 லட்சம் யூனிட், ஒரு வயதுக்கு மேல் 2 லட்சம். கண்ணை மட்டும் இல்லை, உயிரையும் அது காக்கிறது. இது ஊசி இல்லை, வாயில் ஊற்றும் சொட்டு. ஊசி போட்டால் அம்மா கோபிப்பாள் என்று பயப்படும் வீட்டாரிடம் இதை நீங்கள் சொன்னால் நம்புவார்கள். கண்ணைக் கொதித்து ஆறிய தண்ணீரில் நனைத்த சுத்தமான துணியால் துடைத்தால் போதும். தாய்ப்பாலோ மூலிகைச் சாறோ கண்ணில் விட வேண்டாம்.

பத்தியம் பற்றித்தான் எனக்கு அதிக வருத்தம். எண்ணெய், தாளிப்பு, காரம் வேண்டாம் என்றால் சரி, குழந்தையே அதைக் கேட்காது. ஆனால் உப்பில்லாத கஞ்சி மட்டும், பருப்பு கூடாது, முட்டை கூடாது என்று நாள்கணக்கில் போனால் நோய் தின்றது போக மிச்சமிருக்கும் தசையைப் பட்டினி தின்னும். மணல்வாரியோடு வயிற்றுப்போக்கும் வந்துவிட்டால் உப்பில்லாத சோறு ஆபத்து. அப்போது ஓஆர்எஸ் பொட்டலத்தை, அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் கரைத்து, 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு முறை போன பிறகும் 50 முதல் 100 மில்லி, கரண்டி கரண்டியாகக் கொடுக்க வேண்டும். வாந்தி எடுத்தால் 10 நிமிடம் விட்டு மறுபடி மெதுவாக. துத்தநாக மாத்திரை 14 நாள். தாய்ப்பாலை எந்த அம்மையிலும் நிறுத்தக் கூடாது. பருப்பு சாதம் பிசைந்து கொடு, நெய்கூட ஒரு சொட்டு விடு என்று உங்கள் வாயால் வரட்டும். குணமான பிறகும் சில வாரங்களுக்கு வழக்கத்தைவிட ஒரு வேளை கூடுதலாகச் சாப்பிட வேண்டும். மணல்வாரி போன உடம்பு மற்ற தொற்றுகளை எதிர்க்கும் பலம் குறைந்து பல மாதம் கிடக்கும்.

சின்னம்மைக்கு இவ்வளவு பயம் வேண்டாம். நகத்தை ஒட்ட வெட்டுங்கள். சொறிந்த இடத்தில்தான் சீழ் பிடிக்கிறது. தலைக்கு ஊற்றும் நாள் வரை உடம்பில் தண்ணீரே படக்கூடாது என்பதைத் தளர்த்தி, தினமும் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒற்றித் துடைக்க விடுங்கள். வேப்பிலை போட்ட தண்ணீராகவே இருக்கட்டும். காய்ச்சலுக்கு எடைக்கேற்ற அளவில் பாராசிட்டமால் கொடுக்கலாம். ஆஸ்பிரின் மட்டும் கூடவே கூடாது. சின்னம்மையில் அது மூளையையும் ஈரலையும் கெடுக்கக்கூடியது. எல்லாக் கொப்புளமும் பொருக்காகும் வரை கர்ப்பிணிகளும் பச்சைக்குழந்தைகளும் அந்த வீட்டுப் பக்கம் போக வேண்டாம்.

இன்னொன்று. மணல்வாரிக் கிருமி, குழந்தை இருமிவிட்டுப் போன இடத்தின் காற்றில் 2 மணி நேரம் வரை இருக்கும். முத்து போடுவதற்கு 4 நாள் முன்பிருந்து 4 நாள் பின்பு வரை தொற்றும். ஆகவே அம்மை போட்ட குழந்தையைத் திருவிழாக் கூட்டத்துக்குள் தூக்கி வரச் சொல்லாதீர்கள். திருநீறையும் தீர்த்தத்தையும் வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள். வலங்கைமான் பாடைக்காவடியைப் போல, நேர்த்திக்கடனை உடம்பு தேறிய பிறகுதானே நம் ஊரில் செலுத்துகிறோம்?

எங்கள் பக்கத்திலும் தவறு உண்டு. "இத்தனை நாள் என்ன பண்ணிக்கிட்டு இருந்த?" என்று தாயைப் பார்த்துக் கத்துகிறவர்கள் ஆஸ்பத்திரிகளில் இருக்கிறார்கள். வேப்பிலையோடு வந்தால் முகம் சுளிக்கிறவர்களும் உண்டு. அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்து அடுத்த குழந்தையை ஒளித்து வைக்கிறார்கள். உங்களுக்குத் தெரிந்து அப்படி நடந்தால் எங்கள் மேலதிகாரிகளிடம் சொல்லுங்கள், நானும் சொல்கிறேன்.

ஊரில் ஒரு மணல்வாரி தெரிந்ததும் நர்சம்மாவுக்குத் தகவல் போக வேண்டும். அவர் வருவது யாரையும் பிடித்துப் போக இல்லை. தொற்று பட்ட 72 மணி நேரத்துக்குள் தடுப்பூசி போட்டால் இன்னும் போடாத மற்ற குழந்தைகளைக் காப்பாற்றிவிடலாம், அதற்குத்தான் அவசரம். 9 மாதம் முடிந்ததும் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் ஒன்று என இந்த ஊசி இலவசம், புதன்கிழமைகளில் போடுகிறார்கள்.

இந்த ஆண்டு காப்புக் கட்டும் அன்று ஒலிபெருக்கியில் நீங்களே இதைச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். "கோயிலுக்கும் வா, ஆஸ்பத்திரிக்கும் போ, அம்மா கோபிக்க மாட்டா" என்று நீங்கள் ஒருமுறை சொல்வதை எங்கள் நூறு நோட்டீசும் செய்யாது. உங்கள் பக்கத்தில் நின்று தாய்மார்களுக்கு மூச்சு எண்ணக் காட்டித் தர ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து ஒரு நர்சம்மாவைக் கூப்பிடுங்கள்.

அன்புடன்,
குழந்தைகள் வார்டு செவிலியர் ஒருவர்,
தஞ்சாவூர் மாவட்டம்