மீண்டும் வந்தாறுமூலைக்கு வருகின்ற நண்பிக்கு

செங்கலடி,
பங்குனி 9.

அன்பு நண்பிக்கு,

நலம். நீயும் பிள்ளைகளும் நலமாயிருக்க வேண்டுகிறேன். கடந்த ஆடி அமாவாசையன்று திருக்கோவில் கடற்கரையில் தீர்த்தமாடிவிட்டு ஈரத்தலையோடு நின்றபோது, அடுத்த மாதமே கடிதம் எழுதுவேன் என்று உனக்கு வாக்குக் கொடுத்தேன். எட்டு மாதங்கள் போய்விட்டன. ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தோடு கிடந்தேன் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. அது போதிய காரணமும் இல்லை. மன்னித்துக்கொள். ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டேன்.

நேற்று ஏறாவூர்ச் சந்தையில் பெரியக்காவைக் கண்டேன். "உன்ர ஆள் திரும்பவும் கம்பசுக்கு வாறாவாமே" என்று அவர் கேட்டபோது, மீன் வாங்கக் கொண்டுபோன பையோடு அப்படியே நின்றுவிட்டேன். வந்தாறுமூலையில் நம் கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்திருக்கிறாய், நேர்முகத்துக்கு வந்திருக்கிறாய், என் வீட்டுச் சந்தியைத் தாண்டி பஸ்ஸில் போய் அதே வழியாகத் திரும்பியும் இருக்கிறாய். எனக்கு ஒரு சொல் இல்லை. அந்தப் பலாப்பழ விவகாரத்துக்குப் பிறகு உன்மேல் எனக்கு இவ்வளவு கோபம் வந்ததில்லை. ஆனால் முதுதத்துவமாணி (எம்.ஃபில்) ஆய்வுப் பட்டத்துக்கு நீ எடுத்திருக்கும் தலைப்பு ஒலுவில் துறைமுகமும் கரையரிப்பும் என்று பெரியக்கா சொன்னதும் கோபம் பாதியாகிவிட்டது. அலைதடுப்புச் சுவருக்குத் தெற்கே மணல் சேர்வதையும் வடக்கே கரையும் தென்னையும் கடலுக்குள் போவதையும் பத்து வருடத்துக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருத்தி அதை எழுதாமல் வேறு யார் எழுதுவது?

இப்போது என் கவலையைச் சொல்கிறேன். "எனக்குத் தெரியாத வளாகமா" என்று நினைத்துக்கொண்டு நீ வருவாய். உன் அப்பா அங்கே மத்திய மகா வித்தியாலயம் இருந்த காலத்தில் படித்தவர். நீயும் நானும் நான்கு வருடங்கள் ஒரே அறையில் இருந்தவர்கள். ஒவ்வொரு மரமும் நமக்குத் தெரியும். நானும் அந்த நினைப்போடுதான் பதிவு செய்தேன், அதனால் முதல் ஒரு வருடத்தை இழந்தேன். இளமாணி மாணவர்களாக இருந்தபோது நாம் எதையும் கேட்கவில்லை என்பது அப்போது நமக்குத் தெரியவில்லை. விரிவுரை எப்போது, படிவம் எங்கே, எந்தக் கருமபீடத்துக்கு எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்பதெல்லாம் சீனியர் அக்காமார் வழியாகவும் விடுதி வராந்தா வழியாகவும் தானாகவே நம் காதில் விழுந்தன. ஆய்வுப் பட்டத்துக்குப் பதியும் ஒருத்திக்கு வகுப்பு இல்லை, கூட்டம் இல்லை, அறைத்தோழி இல்லை. அறிவித்தல் பலகையில் ஒட்டப்படுவதில் பெரும்பகுதி அவளுக்கானதும் இல்லை. அவளுக்கென்று இருக்கின்ற வசதிகள் இருந்த இடத்திலேயே இருக்கும், அவள் போய் வாய்திறந்து கேட்கும்வரை. நாற்பது வயதில், பல வருட ஆசிரிய அனுபவத்தோடு, பிள்ளைகள் நிற்கும் வரிசையில் நின்று "இது எப்படி?" என்று கேட்பதற்கு எனக்குக் கூச்சமாக இருந்தது. உனக்கும் இருக்கும். நீ என்னைவிடக் கூச்சக்காரி, அதுவும் எனக்குத் தெரியும்.

நூலகத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் நான் அதிகம் இழந்ததும் பின்பு அதிகம் பெற்றதும் அங்கேதான். நூலக அட்டை எடுத்தவுடன் புத்தக அலுமாரிகளுக்கு ஓடாதே. உசாத்துணைப் பகுதியில் இருப்பவரிடம் போய், உன் தலைப்பையும் நீ தேடும் விடயங்களையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, அரை மணித்தியாலம் உன்னோடு இருக்க முடியுமா என்று கேள். நான் ஒரே ஒரு பழைய கட்டுரையை ஏழு மாதங்களாகத் தேடி, கிடைக்காது என்று முடிவு செய்து, அந்தப் பகுதியையே ஆய்வேட்டிலிருந்து நீக்கிவிட்டிருந்தேன். வேறு ஏதோ கேட்கப் போனபோது அதையும் சொன்னேன். உதவி நூலகர் இன்னொரு பல்கலைக்கழக நூலகத்துக்கு எழுதி, அதன் பிரதியை நான்கு நாட்களில் எடுத்துத் தந்தார். நூலகங்களுக்கிடையிலான இரவல் என்ற ஏற்பாடு நாம் படித்த காலத்திலும் இருந்திருக்கும், நாம்தான் கேட்டதில்லை.

பணம் கட்டி வாசிக்க வேண்டிய வெளிநாட்டு ஆய்விதழ்களைப் பற்றியும் அவரிடமே கேள். வருமானம் குறைந்த நாடுகளின் நிறுவனங்களுக்காக ரிசர்ச்ஃபோர்லைஃப் என்றொரு திட்டம் உண்டு. அதில் மருத்துவத்துக்கு ஹினாரி, விவசாயத்துக்கு அகோரா, சுற்றாடலுக்கு ஓஏஆர்இ என்று தனித்தனித் தொகுதிகள் இருக்கின்றன. தனியாள் அதில் சேர முடியாது. நிறுவனத்தின் பெயரில்தான் அனுமதி, கடவுச்சொல் வழக்கமாக நூலகத்தின் பொறுப்பில் இருக்கும். கரையரிப்பைப் பற்றிய ஒரு கட்டுரைக்கு முப்பது, நாற்பது டொலர் கேட்கும் பக்கத்தைக் கண்டு மனமுடைந்து கணினியை மூடுவதற்கு முன், இதைக் கேட்டுவிடு. தமிழில் நம் பகுதியைப் பற்றி வெளிவந்த மலர்கள், பிரதேச வரலாறுகள், பழைய சஞ்சிகைகள் என்பவற்றுக்கு 2005 இல் தொடங்கிய 'நூலகம்' என்ற இணைய நூலகத்தை விட்டால் வேறு இடம் இல்லை. அதற்குக் கடவுச்சொல்லும் தேவையில்லை, திருக்கோவிலில் உன் வீட்டுத் திண்ணையிலிருந்தே வாசிக்கலாம்.

உனக்கென்றே யோசித்த ஒன்றையும் சொல்ல வேண்டும். உன் கள ஆய்வு ஒலுவிலில். உன் வீட்டுக்கும் வந்தாறுமூலைக்கும் இடையில் அக்கரைப்பற்று, கல்முனை, மட்டக்களப்பு என்று பஸ் மாறி மாறி வர வேண்டும். உன் களத்துக்குப் பக்கத்திலேயே தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்குள்ள நூலகத்தில் அமர்ந்து வாசிப்பதற்கு நம் நூலகரிடமிருந்து ஓர் அறிமுகக் கடிதம் வாங்கு. அதோடு, பல்கலைக்கழக மின்னஞ்சல் முகவரியைப் பதிவு செய்த வாரத்திலேயே கேட்டுப் பெற்றுக்கொள். சொந்த ஜிமெயில் இருக்கிறதே என்று நான் விட்டதைப் போல விடாதே. எடுரோம் என்ற வைஃபை ஏற்பாடு இலங்கையில் பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் வலையமைப்பின் வழியாக இயங்குகிறது. ஒரு பல்கலைக்கழகத்தின் பயனர் பெயரை வைத்துக்கொண்டு, அதில் இணைந்திருக்கும் இன்னொரு பல்கலைக்கழகத்திலும் இணையத்தைப் பயன்படுத்தலாம். உன் பெயருக்கு அது திறக்கப்பட்டிருக்கிறதா என்று கணினிப் பிரிவில் கேட்டு, கைத்தொலைபேசியில் அங்கேயே அமைத்துக்கொண்டு வா.

செய்மதிப் படங்களுக்காக யாருக்கும் காசு கொடுக்காதே. எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படிக் கொடுத்து ஏமாந்திருக்கிறார். லாண்ட்சாட் என்ற அமெரிக்கச் செய்மதிகளின் படங்கள் 2008 இலிருந்து அமெரிக்கப் புவிச்சரிதவியல் அளவைத் திணைக்களத்தின் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. 1984 இல் ஏவிய ஐந்தாவது செய்மதியின் படங்களிலிருந்து எடுத்தால், துறைமுகம் கட்டுவதற்கு முன்னிருந்த கரையையும் பின்னிருந்த கரையையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்க்க உனக்கு வாய்க்கும். ஏழாவது செய்மதியின் படங்களில் 2003 மே மாதத்துக்குப் பிறகு கோடுகோடாக இடைவெளி விழுந்திருக்கும். அது உன் கணினியின் பிழை அல்ல, செய்மதியின் கருவியில் வந்த பழுது. லாண்ட்சாட் படத்தின் ஒரு சதுரம் நிலத்தில் 30 மீற்றர் என்பதால் சிறிய அரிப்பு அதில் தெரியாது. 2015 இலிருந்து கிடைக்கும் ஐரோப்பாவின் சென்டினல்-2 செய்மதிப் படங்கள் 10 மீற்றர் அளவில் இருக்கின்றன, அவையும் இலவசம். இந்தப் படங்களை வைத்து வரைபடம் செய்யும் கியூஜிஐஎஸ் மென்பொருளும் இலவசம். ஆனால் இவற்றையெல்லாம் வீட்டில் தனியாக இருந்து பழக முயன்று கண்ணீர் விடாமல், இளமாணி மாணவர்களுக்கு நடக்கும் செயன்முறை வகுப்பில் பின்வரிசையில் இருக்க அனுமதி தருமாறு புவியியல் துறையில் கேள். ஆசிரியை மாணவியாக இருப்பதில் குறைவு ஒன்றும் இல்லை. உன் பாடசாலைப் பிள்ளைகளுக்கும் அது போய்ச்சேரும்.

எழுத்துருவைப் பற்றிச் சொல்லும்போது தயவுசெய்து கவனமாகக் கேள், ஏனென்றால் நீ இன்னும் பாமினியில்தான் வினாத்தாள் அடிக்கிறாய் என்பது எனக்குத் தெரியும். நான் முதல் மூன்று அத்தியாயங்களையும் பாமினியில் அடித்தேன். பாமினியில் திரையில் தெரிவது தமிழ். உள்ளே கணினி வைத்திருப்பது ஆங்கில எழுத்துகள். ஆகவே பிறர் எழுத்தோடு ஒப்புமை இருக்கிறதா என்று பரிசோதிக்கும் மென்பொருளுக்கு அது வெறும் குழப்பம். ஒரு சொல்லைத் தேடினால் அகப்படாது. நாளை உன் ஆய்வேட்டை நூலகத்தின் மின்களஞ்சியத்தில் போட்டாலும், உலகத்தில் யாரும் தேடிக் கண்டெடுக்க முடியாது. யூனிகோடுக்கு மாற்றினேன், கிரந்த எழுத்துகளும் அட்டவணைகளுக்குள் இருந்த இலக்கங்களும் இடையில் வந்த ஆங்கிலப் பெயர்களும் சிதைந்து, ஒவ்வொரு வரியாகத் திருத்துவதற்கு இரண்டு மாதங்கள் போயின. முதல் நாளிலிருந்தே யூனிகோடில் அடி. சொட்டேரோ என்ற இலவச மென்பொருளில் வாசிக்கும் ஒவ்வொன்றையும் அன்றன்றே பதிந்து வை. தமிழ் நூற்பெயர்களையும் அது ஏற்றுக்கொள்ளும். நூலகத்தில் இதற்கெனப் பயிற்சி நடந்தால் உன் பெயரை முதலாவதாகக் கொடு.

அலுவலக விடயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பதிவுக் கடிதத்தோடு தரப்படும் விதிக்கோவையை முழுவதும் வாசி. பதிவைப் புதுப்பிக்கும் திகதியையும் முன்னேற்ற அறிக்கை கொடுக்கும் திகதியையும் சமையலறை நாட்காட்டியில் சிவப்பு மையால் குறி. இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் முதுதத்துவமாணி 11 ஆம் மட்டம். முழுநேரமாகச் செய்தாலும் குறைந்தது இரண்டு வருடம். பாடசாலையையும் சுமந்துகொண்டு அதை ஒன்றரை வருடத்தில் முடிக்கிறேன் என்று வீட்டில் யாருக்கும் வாக்குக் கொடுக்காதே. கற்கை விடுமுறைக்கான கடிதங்களை இப்போதே தொடங்கு. பணம் கட்டிய ஒவ்வொரு பற்றுச்சீட்டுக்கும் இரண்டு ஃபொட்டோக்கொப்பி எடுத்து வை. ஒருமுறை ஓர் அலுவலகத்தில் என் பற்றுச்சீட்டு காணாமற்போய், நான் கட்டவில்லை என்றே கோவையில் எழுதியிருந்தார்கள், பிரதி இருந்தபடியால்தான் தப்பினேன்.

இனி எழுதப்போவதை நான் உன்னிடம் ஆடியில் நேரிலேயே சொல்லியிருக்க வேண்டும். பிள்ளைகள் பக்கத்தில் நின்றபடியால் சொல்லவில்லை. என் அப்பா காலமான அந்த மாரியில் நான் ஆய்வை விட்டுவிடுவது என்று தீர்மானித்து, விலகல் கடிதத்தையும் எழுதிக் கைப்பையில் வைத்திருந்தேன். மூன்று மாதங்களாக ஒரு வரி எழுதவில்லை. இரவில் நித்திரை இல்லை. காலையில் பள்ளிக்கூடத்தில் சிரித்தேன், மாலையில் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தேன். கையொப்பத்துக்காகப் போன ஒரு நாளில் என் மேற்பார்வையாளர் முகத்தைப் பார்த்துவிட்டு, கதிரையில் இருத்தி, உளவளத்துணைக்குப் போகச் சொன்னார். அது பிள்ளைகளுக்கானது, கல்யாணம் செய்து குடும்பம் நடத்தும் எனக்கு எதற்கு என்று சொன்னேன். அவர் விடவில்லை. ஆறு தடவைகள் போனேன். அங்கே எனக்கு அறிவுரை எதுவும் சொல்லப்படவில்லை. நான் பேசியதை ஒருவர் அமைதியாகக் கேட்டார், அவ்வளவுதான், அதுவே போதுமானதாக இருந்தது. அந்தக் கடிதத்தைப் பிறகு நானே கிழித்தேன். உனக்கு அப்படி ஒரு காலம் வரக்கூடாது. வந்தால், நள்ளிரவாக இருந்தாலும் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழைக்கலாம். அதற்கு முன் எனக்கு அழை. முதல் நாளிலேயே, நல்ல உடம்போடும் நல்ல மனதோடும் இருக்கும்போதே, வளாகத்தின் வைத்திய நிலையம் எங்கே, எத்தனை மணிக்குத் திறக்கிறது, உன் வகைப் பதிவுக்கு அங்கே என்னென்ன உரித்து என்று கேட்டு அறிந்துவைத்துக்கொள். தேவை வந்த பிறகு தேடிப் போகும் தெம்பு இருப்பதில்லை.

தங்குமிடத்தைப் பற்றி நீ யாரிடமும் கேட்க வேண்டாம். விடுதி நம் காலத்திலேயே பிள்ளைகளுக்குப் போதாமல் இருந்தது. என் வீட்டு முன்னறை காலியாக இருக்கிறது. தம்பி கொழும்பிலிருந்து வந்தால் மட்டும் இரண்டு நாள் நெருக்கம். வந்தாறுமூலை இங்கிருந்து கிட்ட. மட்டக்களப்பிலிருந்து வாழைச்சேனைக்குப் போகும் எந்த பஸ்ஸும் சந்தியில் நிற்கும். மாதத்தில் இரண்டு வெள்ளிக்கிழமை இரவு வந்து, சனிக்கிழமை முழுவதும் நூலகத்தில் இருந்து, ஞாயிறு பின்னேரம் புறப்பட்டாயானால் பாடசாலைக்கும் குறைவு வராது. ஐப்பசி தொடங்கித் தை வரைக்கும் மழையில் ஒலுவில் கரையில் நின்று அளக்க உன்னால் முடியாது. அந்த மாதங்களை இங்கே வாசிப்புக்கு வைத்துக்கொள், கள வேலையைக் கோடைக்கு வை.

பதிவுக்கு எந்தத் திகதி என்று அறிவித்ததும் எனக்கு எழுது. அன்றைக்கு நான் விடுமுறை எடுப்பேன். அடையாள அட்டைக்கான படம் நான்கு, பட்டச் சான்றிதழின் மூலப்பிரதியும் கொப்பியும், பிறப்புச் சான்றிதழ், அதிபரின் கடிதம் ஆகியவற்றை ஒரே கோவையில் கொண்டுவா. உன் கையெழுத்தை வாசிக்க முடியாது என்று அந்த நாளில் விரிவுரையாளர் சொன்னது இன்றும் உண்மைதான். ஆகவே படிவங்களை நான் நிரப்புகிறேன், நீ கையொப்பம் வை. முதலில் நூலகத்துக்குப் போவோம். உசாத்துணைப் பகுதியில் இருப்பவருக்கு உன் தலைப்பைப் பற்றி இன்று காலையிலேயே சொல்லிவிட்டேன். ஒலுவிலைப் பற்றி என்று சொன்னதும், அவர் கதிரையை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டு, எந்த வருடத்திலிருந்து வேண்டும் என்று கேட்டார்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழி