மண் மூடுவதற்கு முன் ஒரு முறை பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டுக்கு மின் இணைப்பு பெற வேண்டுமானால், உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் வயரிங்கைச் சோதித்துக் கையெழுத்திட்டாக வேண்டும். வயர்மேனுக்கும் அரசு வழங்கும் தகுதிச் சான்று உண்டு. அதே வீட்டில் கழிவுநீர்க் குழாய் பதிப்பவரிடமும் செப்டிக் டேங்க் கட்டுபவரிடமும், பாதாளச் சாக்கடை வராத எங்கள் ஊராட்சிப் பகுதியில், எந்தச் சான்றையும் யாரும் கேட்பதில்லை. பெரும்பாலும் கொத்தனாரே பிளம்பர்.

மூன்றாண்டுகளுக்கு முன், என் கிணற்றிலிருந்து இருபது அடி தள்ளிப் பக்கத்து மனையில் வீடு கட்டினார்கள். வரைபடத்தில் இருந்தது இரண்டு அறைகள் கொண்ட செங்கல் தொட்டி. மண்ணுக்குள் இறங்கியதோ அடித்தளம் போடாத ஐந்து சிமென்ட் உறைகள். ஐப்பசி மழையில் நிலத்தடி நீர் ஏறியதும் கிணற்று நீர் வாடை அடிக்கத் தொடங்கியது. முறையிட்டேன். வந்த அலுவலர் வரைபடத்தைப் பார்த்து, அளவெல்லாம் சரியாகத்தானே இருக்கிறது என்றார். அதற்குள் உறைகளின் மேல் கார் நிறுத்தத் தளம் போட்டாகிவிட்டது. பக்கத்து வீட்டாரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. தொட்டி என்று நம்பித்தான் அவரும் பணம் கொடுத்தார்.

விதி இல்லாமல் இல்லை. செப்டிக் டேங்க்குக்கான இந்தியத் தரநிலை 2470, கழிவுநீரை மண்ணில் உறிஞ்சவிடும் அமைப்பு குடிநீர் ஆதாரத்திலிருந்து 18 மீட்டராவது, அதாவது ஏறத்தாழ அறுபது அடி, தள்ளியிருக்க வேண்டும் என்கிறது. அதை நேரில் வந்து பார்க்கத்தான் ஆளில்லை. சிறிய குடியிருப்புகளுக்குப் பணி நிறைவுச் சான்று தேவையில்லை என்று ஏற்கெனவே விலக்கு இருக்கிறது. 2024 ஜூலை முதல், 2500 சதுர அடி வரையிலான மனையில் 3500 சதுர அடி வரை வீடு கட்டச் சுயசான்றின் பேரில் உடனடி அனுமதியும் கிடைக்கிறது. அலுவலகத்துக்கு நடையாய் நடந்தவன் என்ற முறையில் இந்தச் சலுகையை நான் எதிர்க்கவில்லை. ஆனால் சுவரில் குறை இருந்தால் பிறகும் கண்ணில் படும். மண்ணுக்குள் போனது படாது. ஆகவே, தொட்டியில் நீர் நிரப்பி ஒரு நாள் விட்டு, மட்டம் இறங்கவில்லை என்பதையும் கிணற்றுக்கு உள்ள தூரத்தையும் உள்ளாட்சிப் பொறியாளர் பார்த்துப் பதிவு செய்த பிறகே மண் மூடலாம் என்ற நிபந்தனை ஒன்றையாவது சேர்க்க வேண்டும். ஐ.டி.ஐ.களில் பிளம்பர் படிப்பு இருக்கிறது. அதை முடித்தவர்களையும், அனுபவத்தால் தொழில் கற்றவர்களை எளிய செய்முறைத் தேர்வு வைத்தும், உள்ளாட்சிகள் பதிவு செய்து வேலைக்குப் பொறுப்பாக்கலாம்.

இது கிணற்றுக்கு மட்டுமான கவலையன்று. கழிவுத் தொட்டிக்குள் பாதுகாப்பின்றி ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. சாக்கடையில் இறங்கி இறப்போர் குடும்பத்துக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. கழிவு உறிஞ்சும் லாரியின் குழாய் நுழையக்கூட வாயில்லாமல் தளம் போட்டு மூடிய குழி அடைத்துக்கொண்டால், தளத்தை உடைத்து யாரையாவது இறக்கத்தான் பார்ப்பார்கள்.

எதிர் மனையில் இந்த வாரம் குழி தோண்டியிருக்கிறார்கள். வாசலில் நான்கு உறைகள் வந்து இறங்கியிருக்கின்றன.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கும்பகோணம் வட்டம்.