பிரேக் இல்லாத வண்டிகளின் ஊர்

கிங்ஸ் லின், இங்கிலாந்து
ஆகஸ்ட் 18

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் நலம். அம்மா கொடுத்தனுப்பிய நேந்திரங்காய் சிப்ஸ் வந்து சேர்ந்தது. பாதியை மருத்துவமனை வார்டில் உடன் வேலை செய்பவர்களே தீர்த்துவிட்டார்கள்.

ஒர்க்ஷாப்பின் பின்புறம் நிற்கும் யெஸ்டி பைக்கைப் பழைய இரும்புக்குக் கொடுத்துவிடலாமா என்று போன வாரம் கேட்டீர்கள். அதற்குப் பதில் சொல்லும் முன் இந்த ஊரின் பைக் பந்தயத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. தொலைபேசியில் சொன்னால் விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைப்பீர்கள் என்பதால்தான் கடிதமாக எழுதுகிறேன்.

ஸ்பீட்வே என்னும் இந்தப் பந்தயத்தில் ஓடும் வண்டிக்கு முன்னாலும் பிரேக் கிடையாது, பின்னாலும் கிடையாது. கியர் ஒன்றே ஒன்று. 500 சிசி ஒற்றை சிலிண்டர் எஞ்சின். வண்டியின் எடை 77 கிலோவுக்குக் குறையக்கூடாது என்பது விதி. பெட்ரோல் ஊற்றுவதில்லை, மெத்தனால்தான். பெட்ரோலைப்போல ஏறக்குறைய இரு மடங்கு குடிக்கும் என்பதால் கார்புரேட்டரில் எரிபொருள் வரும் துளையான ஜெட்டும் பெரிதாக இருக்கும். ஆனால் எஞ்சின் அவ்வளவாகச் சூடேறாது, சிலிண்டருக்குள் கலவையை அழுத்தும் கம்ப்ரஷனையும் நன்றாக உயர்த்திக்கொள்ளலாம். தீப்பிடித்தால் பகல் வெளிச்சத்தில் சுடர் கண்ணுக்கே தெரியாதாம். அதைக் கேட்டதும் ஒர்க்ஷாப்பில் பீடியோடு வந்து நிற்கிறவர்களை நீங்கள் விரட்டுவதுதான் நினைவுக்கு வந்தது.

முட்டை வடிவத் தடத்தில் அணிக்கு இருவராக நான்கு பேர், நான்கு சுற்று, எப்போதும் இடப்பக்கமாகவே. ஒரு பந்தயம் முடிய ஒரு நிமிடம் ஆகும். பிரேக் இல்லாமல் எப்படி வளைவில் திரும்புகிறார்கள் என்று கேட்பீர்கள். பின்சக்கரத்தை வெளிப்பக்கம் சறுக்கவிட்டு, முன்சக்கரத்தை வலப்பக்கம் ஒடித்து, இடது பூட்ஸின் அடியில் மாட்டிய இரும்புத் தகட்டைத் தரையில் உரசிக்கொண்டே திராட்டிலை மூடாமல் போகிறார்கள். மழையில் நனைந்த குலசேகரம் ரோட்டில் நான் ஒருமுறை அப்படித்தான் சறுக்கினேன். அதற்கு உங்களிடம் அடி வாங்கினேன். இவர்களில் முதலில் வருபவருக்கு அதற்கு மூன்று புள்ளி கிடைக்கிறது. இரண்டாவது வருபவருக்கு இரண்டு, மூன்றாவதுக்கு ஒன்று, கடைசிக்கு ஒன்றுமில்லை. இப்படி பதினைந்து பந்தயங்கள் ஓடி முடிந்தபின் இரு அணிகளின் புள்ளிகளையும் கூட்டிப் பார்க்கிறார்கள். உள்ளூர் அணியினருக்குச் சிவப்பும் நீலமுமாக ஹெல்மெட், வந்தவர்களுக்கு வெள்ளையும் மஞ்சளும்.

முதல் நாள் விவரம் தெரியாமல் வெள்ளைச் சட்டையோடு வளைவுக்கருகில் போய் நின்றேன். தடத்தில் கொட்டியிருக்கும் பொடிக்கல்லைப் பின்சக்கரங்கள் வாரி இறைத்ததில், நம்மூர் செங்கல் சூளையில் ஒரு நாள் வேலை பார்த்தவனைப்போல ஆகிவிட்டேன். பக்கத்தில் நின்ற பாட்டி தன் தேநீர்க் குவளையை உள்ளங்கையால் மூடிக்கொண்டு சிரித்தார், அனுபவம் அவருக்கு. அதற்குள் ஒரு வாடை வந்தது. ஆமணக்கெண்ணெய் எரிகிற வாடை! அந்தக் காலத்து எஞ்சின்களுக்கு இங்கே ஆமணக்கு கலந்த ஆயில்தான் ஊற்றுவார்களாம். மிச்சமிருக்கும் சில வண்டிகள் இன்றும் அப்படியே மணக்கின்றன.

இந்த ஊர் நாகர்கோவிலில் கால் பங்குகூட வராது. ஆனாலும் கிங்ஸ் லின் ஸ்டார்ஸ் என்று ஓர் அணி 1965ஆம் ஆண்டிலிருந்து இங்கே ஓடிவருகிறது. மோரிஸ் லிட்டில்சைல்ட், சிரில் கிரேன் என்னும் இருவர், நாய்ப் பந்தயம் நடந்துகொண்டிருந்த சேடில்போ சாலை மைதானத்தில் அதைத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டே முதல்தர லீக்கில் சேர்ந்தார்கள். டெர்ரி பெட்ஸ் என்னும் வீரரைப் பற்றிப் பேசாத முதியவர் ஊரில் இல்லை. 1977இல் நாக்அவுட் கோப்பை வந்தது. 1980இல் இந்த அணியின் மைக்கேல் லீ, சுவீடனின் கோத்தன்பர்க் நகரில் உலகச் சாம்பியன் ஆனார். அப்போது அவருக்கு வயது 21. சந்தைக்கு வருகிறவர்களிடம் உலகச் சாம்பியனின் பெயரைச் சொல்லிப் பெருமைப்படக் காரணம் கிடைத்தால் ஊர்க்காரர்கள் விடுவார்களா? நாற்பது ஆண்டுகள் கழிந்தும் விடவில்லை.

1996இல் அணி இல்லை. ஒரு கோடை முழுவதும் மைதானத்தில் ஸ்பீட்வே வண்டிகளின் சத்தமே கேட்கவில்லை என்று அதைச் சாவு வீட்டுக் கதையைப்போல இன்றும் சொல்கிறார்கள். 1997இல் திரும்பி வந்தது. பிறகு இரண்டாம் தரத்துக்கு இறங்கியது. இறங்கியதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை, ஏனென்றால் அங்கேதான் 2006இல் லீக் பட்டம் உட்பட ஒரே பருவத்தில் மூன்று கோப்பைகளை வென்றார்கள். 2011இல் மறுபடி மேலே ஏறினார்கள்.

இனி யெஸ்டிக்கு வருகிறேன். செக்கோஸ்லோவாக்கியாவில் திவிஷோவ் என்னும் சிற்றூரில் ஏசோ என்ற பெயரில் பந்தய வண்டி செய்த தொழிற்சாலை 1964இல் ஜாவாவோடு சேர்ந்தது. அங்கே செய்த வண்டிகள் இந்த மைதானத்திலும் ஏராளம் ஓடியிருக்கின்றன. அதே ஜாவாவின் பெயரில்தான் மைசூரில் 1961 முதல் பைக் செய்தார்கள், பின்பு அதற்கு யெஸ்டி என்று பெயர் மாற்றினார்கள். ஆக, நம் வண்டி இவற்றுக்குச் சித்தப்பா மகன் முறையாவது ஆகும்.

வீரர்கள் வண்டி பழுதுபார்க்கும் இடத்துக்கருகில் ஓய்வுபெற்ற மெக்கானிக் ஒருவரைப் பார்ப்பேன். கிக்கரையே உள்ளே தள்ளித் திருப்பினால் கியர் லிவர் ஆகிவிடும் என்று நான் சொன்னதும், அதைக் கையால் செய்துகாட்டச் சொன்னார். எனக்கு ஒழுங்காகச் செய்துகாட்ட வரவில்லை. எனவே வண்டியை இப்போதைக்கு யாருக்கும் கொடுக்க வேண்டாம். தம்பியிடம் சொல்லி, அந்த லிவர் கிக்கராக நிற்பதை ஒன்றும், கியராகத் திரும்பி நிற்பதை ஒன்றுமாக இரண்டு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். துடைத்துவைக்க வேண்டாம், எண்ணெய்ப் பிசுக்கோடே இருக்கட்டும்; அவர் அதைத்தான் பார்க்க விரும்புவார்.

அம்மாவுக்கு என் அன்பு.

உங்கள் அன்பு மகன்